கட்டாத பாலத்துக்கு ஒரு கும்மி

வந்திருந்தவர்கள்: தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கருப்பையா, கங்காணிமார், கணக்கப்பிள்ளை, பாடசாலை அதிபர், தப்படிக்கிறவர்கள், கும்மிப் பெண்கள், அவர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்க என் தங்கச்சி செல்வி, ஓர் ஒலிபெருக்கி, அதைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்வதற்கென்றே ஓர் ஆள்.

வராதவர்கள்: பெரிய தொரை (தோட்டத்து மேனேஜர், கொழும்பில் கூட்டம்), தோட்டத்து டாக்டர் (அவர் எதற்குமே வருவதில்லை), மந்திரி (காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார், வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது), பாலம்.

பாலம் வராததைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தோம்.

இடம் எங்கள் பெரட்டுக்களம். தினமும் விடியற்காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்பும் அந்தத் தகரக் கொட்டகையில் அன்று வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஊதுபத்தி ஒரு கட்டு முழுதாக எரிந்தும், பக்கத்து ஸ்டோரிலிருந்து வரும் புளித்த ரப்பர் பால் வாசம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது. செல்வி இரவல் சேலையில் நின்றாள். அதில் பூச்சி உருண்டை மணம்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் அந்தப் பால் ஸ்டோரைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "எப்போதும் குறைதானா? உங்கள் பக்கத்துக்கு நல்லது செய்த அரசியல்வாதி ஒருவர்கூடவா இல்லை?"

இருக்கிறார் ஐயா. இந்த வாரம் அவர்தான்.

வளவ்வ மந்திரி

பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருடைய மகன் வருத்தப்படுவார். மகனும் இப்போது அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

நாங்கள் அவரை வளவ்வ மந்திரி என்போம். வளவ்வ என்றால் பரம்பரைக்காரரின் பெரிய வீடு. பாராளுமன்றத்துக்குப் போகிற யாரையும் எங்கள் பக்கத்தில் மந்திரி என்றுதான் சொல்வது. அதற்கும் மந்திரிசபைக்கும் சம்பந்தம் இல்லை. அவருக்கும் இருந்ததில்லை.

யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல போகிற பாதையை விட்டு உள்ளே திரும்பி வந்தால், எங்கள் ஓயாவுக்கு, அதாவது சிற்றாற்றுக்கு, அந்தப் பக்கம் அவருடைய ரப்பர் காணி. தார்ப் பாதையில் தொடங்கி ஓயாக் கரைவரை அவர்களுடையது. அந்தக் காணிக்குள்ளே ஓடும் ஒற்றையடிப் பாதையில்தான் நாங்கள் டவுனுக்குப் போவோம். "நடந்துக்கிங்க" என்று அவருடைய தாத்தா காலத்தில் சொன்னார்களாம். அதை இன்றுவரை அவர்கள் தடுக்காமல் இருப்பதே ஒரு சேவை என்று அவருடைய தேர்தல் துண்டுப் பிரசுரம் ஒன்றில் அச்சடித்திருந்தது.

தாத்தா வெள்ளைக்காரனுக்கு மரம் வெட்டிக் கொடுத்துப் பட்டம் வாங்கியவர். அப்பா மந்திரி. எங்கள் தாத்தாமாருக்கு இந்த நாட்டில் வாக்கு கிடையாது என்று தீர்மானமான காலத்தில், சரி என்று கை தூக்கியவர்களில் அந்த அப்பாவும் ஒருவர் என்று தலைவர் கருப்பையா சொல்வார். பிறகு எத்தனையோ வருடம் கழித்து வாக்கு எங்களுக்குத் திரும்பி வந்தது. வந்த செய்தி எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டை எட்டுவதற்கு முன்பே அவருடைய மகன், எங்கள் வளவ்வ மந்திரி, வாசலில் நின்றார், கைகூப்பியபடி. அப்பா வேண்டாம் என்றதை மகன் வீடு வீடாக வந்து கேட்டார். நாங்களும் கொடுத்தோம். எங்களிடம் யாராவது வந்து ஒன்றைக் கேட்பது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் மறுக்கத் தோன்றவில்லை.

பழையதைக் காப்பவர்

அவருடைய கொள்கை சுருக்கமானது: இருப்பதை இருக்கிறபடி வைத்திருக்க வேண்டும். இருப்பதில் பெரும்பகுதி அவருடையதாக இருந்ததால் அந்தக் கொள்கையில் அவர் உறுதியாக இருந்தார்.

லயங்களை உடைத்துவிட்டுத் தனி வீடு கட்டுவதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "லயம் என்பது கூட்டு வாழ்க்கை. தனித்தனியாகப் பிரித்தால் இந்த அப்பாவி மக்களின் பாசம் கெட்டுவிடும்" என்றார். கையைத் தட்டினோம். வளவ்வயில் அறைகள் எத்தனை என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. அத்தனை அறைக்குள் பாசம் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பெண்பிள்ளைகள் வீட்டோடு இருப்பதுதான் நம் பண்பாடு என்பார். அவருடைய மகள்மார் இருவரும் லண்டனில் படித்தார்கள். வீடு அங்கேயும் இருந்திருக்கும்.

கொழும்பில் காற்சட்டை, ஊரில் வெள்ளைத் துணியும் சட்டையும். தமிழில் அவருக்கு "வணக்கம்", "நல்லம்" இரண்டும் தெரியும். எங்களுக்குச் சிங்களம் நன்றாகவே வரும் என்பதால் அவை இரண்டுமே மிச்சம்தான்.

எங்கள் தோட்டத்துக்கு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கோயிலுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். கொடுத்த அன்று அது ஓடியது. இளைஞர்களுக்கு ஒரு கரப்பந்தாட்ட வலை கொடுத்தார். அது இப்போது அஞ்சலை அக்காவின் கோழிக்கூட்டைச் சுற்றி நல்லபடியாக இருக்கிறது.

இன்னொன்று, ஒரு சாவு வீட்டுக்கு நேரில் வந்தார்.

சாவு மேல் லயத்தில். அவர் வந்து இறங்கியது கீழ் லயத்தில். அங்கே அஞ்சலை அக்காவின் மூத்த மகள் வயதுக்கு வந்த சடங்கு. பந்தல், ஆட்கள், நடுவில் ஒரு நாற்காலி, எல்லாம் இருந்தன. வெள்ளையில் வந்து, முகத்தைத் தொங்கப்போட்டு, அஞ்சலை அக்காவின் புருஷனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவர் சிங்களத்தில் கேட்டார்: "எத்தனை வயது?"

"பதிமூணுங்க மாத்தயா."

"பாவம்" என்றார் மந்திரி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயது."

ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்த காசில் பிள்ளைக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்தார்கள். ஆக, பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஓயா

எங்கள் தோட்டத்துக்கும் உலகத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஓயா. வெயில் காலத்தில் பார்த்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று இருக்கும். முழங்கால் தண்ணீரில் கல் தெரியும். மேலே ஓர் ஏதண்டை, அதாவது குறுக்கே போட்ட ஒரு மரமும், பிடித்துக்கொள்ள ஒரு மூங்கிலும்.

மழை பிடித்தால் முதலில் மூங்கில் போகும், பிறகு மரம் தண்ணீருக்குள் போகும். அதன்பின் ஃபெக்டரிப் பாதையால் மலையைச் சுற்றிப் போக வேண்டும். அதற்கு லொறி வேண்டும். லொறிக்குத் தொரையின் மனசு வேண்டும். நடந்து போனால் பாதி நாள்.

அந்த வருடம் செல்விக்குச் சாதாரண தரப் பரீட்சை. பரீட்சை மண்டபம் டவுனில். மாதமோ மார்கழி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டி உயர்தரம்வரை போனவன் நான்தான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால்வெட்டு. நான் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியன். சம்பளம் கிடையாது, ஆனால் எல்லோரும் "மாஸ்டர் தம்பி" என்று கூப்பிடுவார்கள், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். செல்வி என்னைவிடக் கெட்டிக்காரி, முக்கியமாகக் கணக்கில். கணிதம் சித்தியடைந்தால்தான் உயர்தரம், உயர்தரம் முடித்தால் ஆசிரியர் நியமனத்துக்கு ஒரு வழி. தவறினால் பால்வெட்டுக் கத்தி. கணக்கப்பிள்ளை அவளைக் காணும்போதெல்லாம், "வயசு வரட்டும், ஒம் பேரையும் பதிஞ்சிருவோம்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் செல்விக்குப் பயம்.

அம்மனுக்கு ஒரு முறை

பாலம் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களை எழுதியது பெரும்பாலும் நான்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது, அதாவது எதுவும் வரவில்லை. அந்த வருடக் கடைசியில் தேர்தல் வரும்போல இருந்தது. தலைவர் கோயிலடியில் கூட்டம் கூட்டினார்.

"மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு மாஸ்டர் தம்பி" என்றார். "இந்த மொற நாங்க ஒண்ணும் கேக்கக் கூடாது. நன்றி சொல்லணும்."

"எதுக்குங்க?"

"பாலத்துக்கு."

"எந்தப் பாலத்துக்கு?"

"இனிமே கட்டப்போற பாலத்துக்குத்தான். மழ பேயாத வருசம் மாரியம்மனுக்கு என்னா பாடுறோம்? குடு குடுன்னா பாடுறோம்? மழ பேஞ்சு ஓயா நெறஞ்சிருச்சு தாயேன்னுதானே பாடுறோம்?"

"ஆமா" என்றார் அஞ்சலை அக்கா. கும்மிக்கு அவர்தான் தலைமை. "நீ குடுத்துட்டேன்னு ஊரே பாடுனதுக்கப்பறம் குடுக்காம இருக்க அம்மனுக்கே கூச்சமா இருக்கும்ல."

வெளியாட்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எங்கள் தோட்டத்தில் இது முறை. பெரியவர்களிடம் நேராகக் கேட்பது மரியாதை இல்லை. கிடைத்துவிட்டது என்று முதலில் கொண்டாடிவிட வேண்டும். முந்தி ஒரு தொரை புதிதாக வந்தபோது, "ஒழுகாத கூரை தந்த தொரையே" என்று தப்படித்து வரவேற்றார்கள். அந்த மனுஷன் விளக்கம் கேட்டு, முகம் சிவந்து, அடுத்த மாதமே தகரம் இறக்கினார். ஆகவே, எங்களிடம் ஆதாரமும் இருந்தது.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "தலைவரே, அந்தத் தொரைக்கு வெக்கம் இருந்துச்சுங்க."

"மந்திரிக்கு இருக்காதா? அவ்வளவு பெரிய குடும்பம்."

மாரியம்மனுக்குக் கூச்சம் உண்டு என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். மந்திரிக்கும் உண்டு என்று எதை வைத்து முடிவு செய்தோம் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை. பெரிய குடும்பம் என்றால் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும் என்று நினைத்திருப்போம்.

அஞ்சலை அக்காவும் செல்வியும் பாட்டுக் கட்டினார்கள். அம்மி அரைத்துக்கொண்டே கட்டியது.

"ஓயா மேல பாலம் வச்ச ஒசந்த மவராசா – எங்க
பாதம் ரெண்டும் நனையலையே பாருங்க மவராசா."

"அது"

பெரட்டுக்களத்துக்கு மந்திரி கடைசியில் வந்தார். ஃபெக்டரிப் பாதையால், ஜீப்பில். ஓயாவைக் கண்ணால் காண வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. கூடவே செயலாளர் பியசேன. எந்தக் கூட்டத்திலும் மந்திரிக்கு முன்னால் கை தட்டத் தொடங்கி, மந்திரிக்குப் பின்னால் நிறுத்துகிற மனிதர். அவர் கையில் ஒரு கேசட் ரெக்கார்டர்.

மாலை விழுந்தது. தப்பு அதிர்ந்தது. செல்வி பாட்டை எடுத்தாள். பெண்கள் குனிந்து நிமிர்ந்து சுற்றி வந்தார்கள். அவளுக்கு நல்ல குரல். கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தபோது இன்னும் நன்றாக இருந்தது.

என்னை மந்திரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், மொழிபெயர்க்க. அவர் என் பக்கம் சாய்ந்து, "என்ன பாடுகிறார்கள்?" என்றார்.

"நீங்கள் ஓயாவுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தீர்கள் என்று பாடுகிறார்கள், சேர்."

எதிரே தலைவர் மந்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூச்சம் வரவேண்டிய இடம் இதுதான்.

மந்திரி புருவத்தைச் சுருக்கினார். "மொன பாலமத?" என்று பியசேனவைப் பார்த்துத் திரும்பினார். எந்தப் பாலம்?

பியசேன ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "ஓயாப் பாலம் சேர். நீங்கள் கட்டியது."

"ஆ" என்றார் மந்திரி. முகம் மலர்ந்தது. "அது."

பிறகு என்னிடம் அக்கறையாகக் கேட்டார்: "எப்படி, உறுதியாக இருக்கிறதா?"

"என்னா கேக்குறாரு?" என்றார் தலைவர்.

"பாலம் உறுதியா இருக்கான்னு கேக்குறாரு."

அம்மன் ஒருநாளும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் பலமா இருந்தா நல்லதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் தலைவர் கடைசியில்.

சொன்னேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் மந்திரி. ஆயிரம் வேலைக்கு நடுவில் ஏதோ ஒன்றைக் கட்டித்தான் இருக்கிறோம் போல என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். பொய் சொல்கிறவருக்குக் கூச்சம் வரலாம், நம்புகிறவருக்கு எங்கிருந்து வரும்?

பியசேன, "இன்னொரு தடவை பாடச் சொல்லு, டேப்பில் ஏற்ற வேண்டும்" என்றார். பாடினார்கள்.

போகும்போது மந்திரி செல்வியின் தலையில் கை வைத்தார். "நல்ல பிள்ளை. படிப்பு படிப்பு என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்தப் பழைய கலையைக் காப்பாற்று."

"என்னாண்ணே சொன்னாரு?" என்றாள் செல்வி.

"நல்லாப் பாடுறியாம்" என்றேன்.

வேன் ஏறிய பாட்டு

தேர்தல் வந்தது. மந்திரியின் வேன் எங்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு யட்டியாந்தோட்டைக் கடைவீதி முழுக்கச் சுற்றியது. முதலில் சிங்களத்தில் ஓர் ஆள் சொல்வார்: "கேளுங்கள், தோட்டத்துத் தமிழ் மக்களின் நன்றிக் குரல்!" பிறகு செல்வி.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் பெருமைதான். "ஏ செல்வி, டவுனெல்லாம் ஒஞ் சத்தந்தான்டி" என்று கிண்டல். அவளும் சிரித்தாள்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த மாகாண சபை உறுப்பினர் ஒருவர், எங்கள் மனுக்களில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டு, ஒரு தொங்குபாலத்துக்குப் பணம் ஒதுக்க வைத்திருந்தார். முந்தைய மாதம் இரண்டு பேர் வந்து ஓயாவை நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏதோ மின்சாரக் கம்பத்துக்கு என்று நாங்கள் நினைத்தோம்.

தகவல் கிடைத்து நானும் தலைவரும் அந்த உறுப்பினரின் மாகாண சபை அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் எங்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"உங்களுக்கு எதற்கு இன்னொரு பாலம்?"

"எங்களுக்குப் பாலமே இல்லைங்க சேர்."

"இல்லையா? அப்படியானால் தினமும் என் காதுக்குள் வந்து பாடுகிறது யார்?" சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அந்தப் பணத்தை வேறு தோட்டத்துக்கு மாற்றியாகிவிட்டது. நாங்கள் கட்டி, அவர் பேரைப் பாடவா?"

தலைவர், அது எங்கள் முறை, அம்மனுக்கு அப்படித்தான் பாடுவது என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு நேரம் ஒரு தமிழருடைய விளக்கத்தை அரச அலுவலகத்தில் யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அப்படியானால் அம்மனிடமே கேளுங்கள்" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஹாட்வெயார் கடை நானா, டவுன் முஸ்லிம் முதலாளி, கூப்பிட்டார். எங்கள் தோட்டத்து ஆணி, தகரம், கடன் எல்லாம் அவர் கடையில்தான்.

"என்ன தலைவர், மொகம் வாடிக் கெடக்கு? பாட்டு சூப்பரா ஓடுதே. கமிஷன் கேட்டீங்களா?"

"நானா, வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க."

"நான் சொல்லுறதக் கேளுங்க. அடுத்த தரம் என் கடைக்கு ஒரு பாட்டுப் படிச்சு வைங்க. கடனெல்லாம் கட்டி முடிச்சாச்சுன்னு. எனக்குக் கூச்சம் வருதான்னு பாப்போம்."

தலைவர் அன்று வெற்றிலைகூடப் போடவில்லை.

கணித பாடம்

மந்திரி ஜெயித்தார். பரீட்சை தொடங்கியது. முதல் சில பாடங்களுக்கு வானம் பொறுத்துக்கொண்டது. ஏதண்டையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வி போய் வந்தாள்.

கணிதத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. காலையில் நாங்கள் கரைக்குப் போனபோது மூங்கிலும் இல்லை, மரமும் இல்லை. செம்மண் நிறத்தில் ஓர் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா தொரை பங்களாவுக்கு ஓடினாள், லொறி கேட்க. சுற்றுப் பாதையில் மண் சரிந்து கிடப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நெஞ்சுக்கு வந்ததும் கால் பெயர்ந்தது. நாங்கள் இழுத்துக் கரையேற்றினோம். மறுபடி இறங்கப் போனார். அஞ்சலை அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பிள்ளைக்குப் பரீட்ச வேணும். அப்பனும் வேணும்."

செல்வி வெள்ளைச் சீருடையில் நின்றாள். அனுமதி அட்டை ஒரு பொலித்தீன் பைக்குள், பை நெஞ்சோடு. கால் இரண்டும் சேற்றுத் தண்ணீரில்.

அப்போதுதான் அந்தப் பக்கம், மரங்களுக்கு அப்பால் தார்ப் பாதையில், வெடிச் சத்தம் கேட்டது. மந்திரியின் வெற்றி ஊர்வலம். மழையிலும் விடாமல் மக்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் வளைவுக்கு வந்ததும் பாட்டை மாற்றினார்கள், எங்களைக் கௌரவிக்கத்தான்.

"ஓயா மேல பாலம் வச்ச ஒசந்த மவராசா..."

ஓயா இரைச்சலுக்கு மேலே அவளுடைய குரலே வந்தது. தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாதம் ரெண்டும் நனையலையே..."

செல்வி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். அழவில்லை.

"சுதி எறங்கிருச்சுண்ணே" என்றாள். "போட்டுப் போட்டு நாடா இழுத்துருச்சு போல."

வேன் போய்விட்டது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "மணி என்னாண்ணே?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். பரீட்சை தொடங்கும் நேரம் தாண்டிய பிறகு கேட்கவில்லை. எழுந்து, பொலித்தீன் பையை மடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

பெறுபேறு வந்தபோது மற்றப் பாடங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. கணிதத்துக்கு நேரே, வரவில்லை என்று இருந்தது. கணக்கப்பிள்ளை ஆறுதல் சொல்ல வந்தார். போகும்போது, "பேரு பதியணும்னா சொல்லுங்க" என்றார்.

"அடுத்த வருசம் எழுதுறேன்" என்றாள் செல்வி. "ஆனா பாடிப் போக முடியாது. நடந்து போறதுக்கு ஒண்ணு வேணும்."

சேவைக்குச் சாட்சி

பிறகு யாரும் யாரிடமும் கேட்கவில்லை, பாடவுமில்லை. மேல் பிரிவில் மூடிக் கிடந்த தேயிலை ஃபெக்டரியின் பழைய இழுவைக் கம்பியைத் தலைவர் பேரம் பேசி இரும்பு விலைக்கு எடுத்தார். நானா சீமெந்து கொடுத்தார், தவணைக்கு. "பாட்டு வேணாம், காசு போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் தூண் எழுப்பினார்கள், பெண்கள் ஓயாவில் மணல் அள்ளினார்கள். பலகை அறுத்தது அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும்.

இந்தப் பக்கத் தூண் முடிந்து அந்தப் பக்கம் குழி தோண்டத் தொடங்கிய அன்று, பியசேன குடையோடு வந்தார்.

"இது வளவ்வ காணி."

எங்களுக்குத் தெரியும். நடக்க விட்டவர்கள் ஒரு தூண் நடவும் விடுவார்கள் என்று நினைத்தோம்.

"விடுவார்" என்றார் பியசேன. "மந்திரி மாத்தயா காசு ஒன்றும் கேட்க மாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு கல்வெட்டு மட்டும் வையுங்கள், மக்களுக்கு அவர் அன்பளிப்புச் செய்த பாலம் என்று. மூன்று மொழியிலும். நல்ல கல்லில்."

"கல்லுக்குக் காசு?" என்றார் தலைவர்.

"உங்கள் பாலத்துக்குத்தானே கல்லு."

அஞ்சலை அக்கா மணல் கூடையை இறக்கி வைத்தார். "வச்சிருவோம் தலைவரே. பாட்டையே குடுத்தாச்சு, கல்லக் குடுத்தா என்னா? அதுல ஏறி நின்னு துணி தொவைக்கவாவது ஆகும்."

செல்வி மார்கழிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்ததும் பியசேனதான். இந்தத் தடவையும் பெரிய தொரை வரவில்லை, டாக்டர் வரவில்லை. மந்திரி வந்தார், அதே வெள்ளையில். பாலம் வந்திருந்தது.

ரிப்பனை வெட்டினார். கல்வெட்டைத் தடவிப் பார்த்தார். பாலத்தின் நடுவரை நடந்து, ஆடுகிறது என்று திரும்பி வந்தார். "இதைத்தான் அன்று இன்னும் பலமாக வேண்டும் என்று கேட்டீர்கள், செய்துவிட்டேன் பார்த்தீர்களா" என்றார். அவருடைய ஞாபகசக்தியைக் குறை சொல்ல முடியாது.

பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்தப் பாடுகிற பிள்ளை எங்கே?"

செல்வி விடிந்ததும் அந்த ரிப்பனுக்குக் கீழே குனிந்து, பாலத்தைக் கடந்து, டவுனுக்குப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் போனாள்.

"பரீட்சைக்குப் போய்விட்டாள் சேர். கணிதம்."

"பாவம்" என்றார் மந்திரி. "சின்ன வயது."

கம்பி, சீமெந்து, பலகை, ஆணி எல்லாவற்றுக்குமாக எங்களுக்கு ஆன செலவு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். கல்வெட்டுக்கும் அன்றைய மாலைக்கும் பதினோராயிரம். மொத்தம் நாற்பத்தொன்பதாயிரம், செல்விக்கு ஒரு வருடம் தனி.